இரண்டு மணிச் சங்கு

மிஷன் விடுதிக்குள் நுழையும்போதே எத்திராஜுக்கு நெஞ்சு உறுத்தியது. பெற்ற மகளை யார் கையிலோ ஒப்படைத்து ஏழு மாதம் ஆகிறது. பச்சையம்மாவுக்குப் பதினாறு வயது. புத்தி மட்டும் ஐந்து வயதிலேயே நின்றுவிட்டது. பிளேக்கில் பெண்டாட்டி போன பிறகு இரண்டு வருஷம் தனியாளாகச் சமாளித்தான். சுரங்க வேலைக்கும் போய்க்கொண்டு அவளையும் பார்த்துக்கொள்ள அதற்கு மேல் முடியவில்லை.

"அந்த மாதிரி எடத்துல கட்டிப் போட்டுடுவாங்க" என்று கூலி லைனில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

பச்சையம்மா எண்ணெய் வைத்துத் தலைவாரி, தாழ்வாரத்தில் புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. "நைனா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அப்படியும் எத்திராஜ் அவள் கையிலும் முதுகிலும் தழும்பு தேடினான். காலை மட்டும் பார்க்கவில்லை.

அப்போது சுரங்கத்தில் இரண்டு மணி ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதியது.

பச்சையம்மா விருட்டென்று ஓடிப்போய்த் தூணோரம் உட்கார்ந்து, வலது காலை நீட்டிக்கொண்டாள்.

யாரும் வாய் திறக்கும் முன் எத்திராஜ் கத்தினான். "இன்னாம்மா இது? கட்டிப் போட்டுப் பழக்கி வெச்சிருக்கீங்களா?"

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ராகேலம்மா குரலை உயர்த்தவில்லை.

"இங்க கவுறே கெடையாதுங்க. வந்த நாள்லேர்ந்து சங்கு ஊதினா இப்டித்தான் குந்திக்குது. நாங்க பக்கத்துல குந்தி, காலைத் தடவிக் குடுத்து எழுப்புவோம். யாரு பழக்கினாங்கன்னுதான் தெரியல."



பச்சையம்மா எத்திராஜைப் பார்த்துச் சிரித்தாள்.

"கட்டிட்டுப் போ நைனா. சங்கு ஊதிடுச்சு."