கரண்டிக் காம்பு

மறதி நோய்க்கு அரசு ஒதுக்கிய பணம் தாராவித் தமிழர்களின் சந்துக்கு வந்துசேர ஒன்பது ஆண்டுகள் ஆயின. வந்ததும், ‘மறதியை மறைக்காதீர்’ என்று தமிழிலேயே சுவரொட்டி ஒட்டினார்கள். அப்பாவின் நினைவுகள் அழியுமுன் அவற்றைத் தன் தலைக்குள் மாற்றி வாங்கிக்கொள்ளும் சிகிச்சைக்கு முப்பிடாதிதான் முதலில் கையெழுத்துப் போட்டாள்.

“எல்லாம் இனி உங்ககிட்ட பத்திரமா இருக்கும்க்கா. அவருக்குத்தான் ஒண்ணும் மிஞ்சாது” என்றாள் நர்ஸ் ஜெபக்கனி.

முதல் வாரம் இனித்தது. அம்மாவின் கல்யாண நாள் வெட்கமும், அப்பா வேலை பார்த்த தோல் பட்டறையின் வாடையும் தாமாகவே அவளுக்குள் வந்து அமர்ந்தன.

எட்டாம் நாள் காலையில் இட்லி அவித்துக்கொண்டிருந்தபோது, கரண்டிக் காம்பை அடுப்பில் வைத்து, அது சிவக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தது நினைவுக்கு வந்தது. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் கையை இறுகப் பிடித்ததும் வந்தது. “அப்பா, வேண்டாம்ப்பா!” என்று சிறுமி அவளைப் பார்த்துக் கதறினாள்.

ஏதோ கோபத்தில் அப்பா தனக்குச் சூடு வைத்துவிட்டார் என்றுதான் இத்தனை காலமும் முப்பிடாதி மனதைத் தேற்றி வந்திருந்தாள். இப்போது அந்த நினைவைத் துழாவித் துழாவிப் பார்த்தாள். அதில் கோபம் மருந்துக்கும் இல்லை.

இட்லித் தட்டை நீட்டியபோது அப்பா அவள் கையிலிருந்த தழும்பைக் கண்டார். பச்சைக் குழந்தையின் கண்கள் அவருக்கு. விரல்களால் தழும்பைத் தடவிக் கொடுத்தார்.

“யாரு தாயி சூடு வச்சது? அந்தப் படுபாவி வெளங்குவானா?”

அவள் உள்ளங்கைக்குள் அந்தச் சின்னக் கை இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

“நான்தாம்ப்பா” என்றாள்.