முழுக்கல்

"கடவத்தை இறக்கு" என்றார் மேஸ்திரி வன்னியராஜ்.

மாடம்மாள் ஓலைக்கடவத்தைத் தலையிலிருந்து இறக்கினாள். சோற்றுச் சட்டியை எடுத்து ஓரமாக வைத்ததும் அடியில் செங்கல் துண்டுகள் பல்லைக் காட்டின. அரைக்கல் நாலு, கால்கல் ரெண்டு.

வன்னியராஜுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. அவளை மடக்க வேண்டுமென்று மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன்.

"ஏ பிள்ள, இங்கேயிருந்து கல்லு கடத்தித்தான் வீடு கட்டுதியோ?"

"அடுப்புக்கு முட்டுக் குடுக்க, அண்ணாச்சி. உடைஞ்சதுதானே."

"உடைஞ்சது தரைக்கு ஆகும். இந்த சைட்டுல வீணுன்னு ஒண்ணு கிடையாது, கேட்டியா!"

அது உண்மைதான். கிழக்கேகோட்டையில் எழும்பிக்கொண்டிருந்த அந்தப் பொது வாசகசாலையில் ஒரு துரும்பும் வீணாகக் கூடாது என்பது இன்ஜினியர் ஞானசிகாமணியின் உத்தரவு. இடித்த பழைய சர்க்கார் கச்சேரியின் செங்கல்தான் சுவர், அதன் ஓடுதான் கூரை, அதன் கதவுதான் மேஜை. வாசலில் மூன்று குழி வெட்டியிருந்தார். தாளுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, பழத்தோலுக்கு ஒன்று. படிக்க வருகிறவன்கூட எதையும் குப்பையென்று தெருவில் வீசிவிட முடியாது.

பெண்களுக்குக் கல் கொத்துகிற வேலை. காலையில் ஆளுக்கு இருநூறு கல். ஒட்டியிருக்கும் சுண்ணாம்புக் காரையைச் சுத்தியலால் தட்டி எடுத்து, சாயங்காலம் முழுக்கல்லாக அடுக்கிக் காட்ட வேண்டும். காரை இரும்பு மாதிரி, கல்லோ ரஸ்க் மாதிரி. இருநூறில் பத்துக்கு மேல் குறைந்தால் மறுநாள் வர வேண்டாம்.

மற்றவர்களுக்கு எட்டு, ஒன்பது குறையும். மாடம்மாளுக்கு ஒன்றோ இரண்டோ. அவளுக்கு இந்த வேலை போனால் வேறு போக்கிடமில்லை. கொத்தனாக இருந்த புருஷன் வேல்சாமி சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து, ஒரு வருஷமாகப் பாயோடு பாயாகக் கிடந்தான்.

சத்தம் கேட்டு இன்ஜினியர் வந்தார். "எந்தா வன்னியராஜ், என்ன பிரச்னை?"

வன்னியராஜ் துண்டுகளைக் காட்டினார். இன்ஜினியர் சிரித்துவிட்டார்.

"நான் சொல்லுறது இவ ஒருத்திக்குத்தான் மனசிலாயிருக்கு. துண்டைக்கூட விடாம உபயோகிக்கா, பாரும். கொண்டு போகட்டும்."

அப்படியே அவள் அடுக்கைப் பார்த்தார். நூற்றித் தொண்ணூற்று ஒன்பது.

"இவளுக்கு முடியும்னா மத்தவளுகளுக்கு ஏன் முடியாது? நாளையிலேருந்து பத்து இல்ல, மூணு."

மறுநாள் சாயங்காலமே பகவதியம்மாளுக்கும் முத்தாரம்மாளுக்கும் சீட்டுக் கிழிந்தது. போகிற போக்கில் பகவதியம்மாள், மாடம்மாளின் காலடியில் காறித் துப்பினாள்.

"உன் கையில என்னடி மந்திரமா வச்சிருக்க? எங்க பிள்ளையள் வாயில மண்ணைப் போட்டுட்டியே, பாவி!"

மாடம்மாள் அடுத்த கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வன்னியராஜுக்குத்தான் செரிக்கவில்லை. பக்கத்துக் குவியலில் கை வைக்கிறாளோ என்று அவளைத் தனியே வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார். அவள் சுத்தியலுக்கும் கல் பொட்டுப் பொட்டென்று உடைவது அவர் காதில் விழத்தான் செய்தது. ஆனாலும் சாயங்காலம் எண்ணினால் நூற்றித் தொண்ணூற்று எட்டு! ஒரு நாள் அடுக்கில் ஒரு கல் மட்டும் ஒரு முகம் முழுக்கக் கரி பிடித்திருந்தது. கச்சேரியில் ஏது அடுப்பு என்று ஒரு நிமிஷம் யோசித்தார். எந்தப் பியூனாவது ஒரு மூலையில் சாயா போட்டிருப்பான் என்று விட்டுவிட்டார்.

கள்ளி கைகாரியென்று அன்றாடம் சாயங்காலம் கடவத்தை இறக்கிப் பார்ப்பார். துண்டுகளைத் தவிர ஒன்றும் இருக்காது. காலையில் அவர் வந்து சேரும்போது அவள் எல்லாருக்கும் முன்னால் வந்து, கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. நாலாம் நாள் மாடம்மாள் வரவில்லை. வீட்டுச் சுவர் விழுந்துவிட்டதாம், வேல்சாமி அடியில் அகப்பட்டுக்கொண்டானாம் என்று ஒரு பெண் வந்து சொன்னாள்.

இன்ஜினியர் உச்சுக்கொட்டினார். "பாவம், நல்ல வேலைக்காரி. நீரு போய்ப் பாரும், வன்னியராஜ். விழுந்த கல்லு மழையில வீணாப் போக வேண்டாம், நம்ம சைட்டுக்கு எடுத்துக்கிடலாம்னு சொல்லும்."

தம்பானூர் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்தது அந்த ஒற்றை அறை. வேல்சாமி நடமாடின காலத்தில், ஊரார் வீட்டையெல்லாம் கட்டி முடித்துவிட்டு, தனக்கென்று கல் பொறுக்கி மண் குழைத்துக் கட்டியது. இப்போது அவனை வெளியே இழுத்துப் பாயால் மூடியிருந்தார்கள். பாய்க்கு வெளியே தெரிந்த இரண்டு பாதங்களிலும் சேறு. மாடம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழக் காணோம்.

வன்னியராஜ், வந்த காரியம் ஞாபகம் வர, இடிபாட்டைக் காலால் கிளறினார். அரைக்கல். கால்கல். நடுவே அப்பிய சேறு. அடுப்பிருந்த மூலைக்குப் போய்க் குனிந்து கையாலேயே தோண்டினார். அங்கேயும் துண்டுதான்.

மாடம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"இனி இங்கேயிருந்து அங்க கொண்டாறதுக்கு முழுக்கல்லு இல்ல, அண்ணாச்சி."