பதினான்காவது மூடி

ரம்பம் பாதியைத் தாண்டிவிட்டது. உள்ளே என்ன இருந்தாலும் இனி வெளியே வந்தாக வேண்டும்.

மேசை மேல் பதின்மூன்று மூடிகள், எல்லாம் இரண்டிரண்டு துண்டாகக் கிடந்தன. பம்புசெட் மோட்டாருக்குப் போடுகிற மூடி. இரும்பு மூடியை மூச்சுப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். அலுமினியத்தில் கொஞ்சம் மக்னீசியம் சேர்த்து நான் வார்த்ததை ஒரு கையால் எடுத்துவிடலாம். கீழ்பென்னாத்தூர் பக்கமெல்லாம் கரண்டு பம்புசெட் வர ஆரம்பித்திருந்த சமயம். வாங்க ஆள் இருந்தது.

ஆனால் பதின்மூன்றிலும் ஓட்டை.

வெளியே கண்ணாடி மாதிரி இருக்கும். அறுத்தால் உள்ளே குழி.

பதினான்காவதிலும் ஓட்டை இருந்தால், ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்த எஃகு அச்சை, உருகிய உலோகத்தை ஊற்றி அழுத்தி வார்க்கிற அச்சை, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவதாகச் சொல்லிக்கொண்டேதான் இறங்கினார், சென்னையிலிருந்து வந்த அதிகாரி குஞ்சிதபாதம். ஆராய்ச்சி அதோடு முடிந்துவிடும். ஓட்டை இல்லையென்றால் இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்து.

"கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணுக்கு இந்தக் கரியும் புகையும் எதுக்கு? ஏதாவது ஸ்கூல்ல சேர்ந்தா சௌகரியமா இருக்கலாமே."

"சௌகரியமா இருக்கறதுக்கு நான் படிக்கலைங்க சார்" என்றேன். எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். எனக்கு யாரும் சௌகரியம் கற்றுக்கொடுக்கவில்லை.

செங்கம் ரோட்டில் இருக்கும் இந்தப் பட்டறை ஜானி பாஷாவுடையது. அவர் உலைப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "பதிமூணு பாத்தாச்சு. ஒண்ணு ஜாஸ்தியானா ஆவட்டும். நீ அறும்மா."

எனக்குப் பயம் இல்லை. காலையிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

அதிகாரிக்குக் காட்டுவதற்காக மூடிகளை வார்த்த வரிசைப்படி அடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது. காற்று சிக்கியிருந்தால் ஓட்டை இடம் மாறும். ஒரு நாள் ஓரத்தில், ஒரு நாள் நடுவில். இவற்றில் மாறவே இல்லை. எல்லாம் நட்டநடுவில். அது மட்டுமில்லை. முதல் மூடியில் உளுந்து அளவு. ஆறாவதில் புளியங்கொட்டை அளவு. பதின்மூன்றாவதில் நாலணாக் காசு அளவு.

காற்றிலும் குற்றமில்லை, அழுத்தத்திலும் குற்றமில்லை, என் கலவையிலும் குற்றமில்லை. யாரோ எதையோ நாளுக்கு நாள் ஜாஸ்தி பண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சூடேற்றாத அச்சைத் திறந்து பார்த்தேன். நடுவில் ஒரு பொட்டு. முகர்ந்தேன். சந்தனம்.

சூட்டில் ஈரம் போய்விடும், சந்தனம் போகாது. உருகிய உலோகம் பட்டதும் எரிந்து புகையாகும். அழுத்தத்தில் மூடிய அச்சுக்குள் புகை எங்கே போகும்? உலோகத்துக்குள்தான்.

உலோகம் ஒட்டாமலிருக்க அச்சுக்குக் கரிமசி பூசுகிற சகாதேவனுக்கு இது முன்பே தெரியும். "சாமி சமாசாரம், அழிக்க மனசு வரலீங்க. அது மேலயே பூசிட்டேன்" என்றான். அவனை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

பொட்டைச் சுரண்டி, துடைத்து, சூடேற்றி, அதிகாரியின் கண்ணெதிரே வார்த்தேன். அதைத்தான் அறுத்துக்கொண்டிருந்தேன்.

மூடி இரண்டாகப் பிளந்து விழுந்தது.

உள்ளே ஒரே வெள்ளை. ஊசி நுழைய இடமில்லை.

குஞ்சிதபாதம் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேஷ்" என்றார். பிறகு, "பொட்டு வெச்சது யாரு?"

ஜானி பாஷா தரையைப் பார்த்தார். சகாதேவன் உலையைப் பார்த்தான்.

மூலையில் துடைப்பத்தோடு நின்ற உண்ணாமுலை, வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பட்டறை பெருக்குகிறவள். எல்லோருக்கும் முன்னால் விடியற்காலையிலேயே வந்துவிடுவாள்.

"நான்தான் சாமி. பெரிய கோயில்ல குடுத்த சந்தனம். ஆபீசரம்மா வேல நல்லபடியா முடியணும்னு வெச்சேன். ஓட்ட ஓட்டனு சொன்னாங்களா, பொட்டு பத்தலயோன்னு இன்னும் கொஞ்சம் பெருசா வெச்சேன்."

சகாதேவன் சிரிப்பை அடக்க இருமினான்.

அதிகாரி சிரிக்கவில்லை. "பதிமூணு வார்ப்பு வீண். நாளையிலேருந்து இவ உள்ள கால் வைக்கக் கூடாது. ரிப்போர்ட்ல காரணத்த எழுதுங்க. பெருக்குறவளோட அறியாமைன்னு எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

ரிப்போர்ட்டை என் பக்கம் இழுத்து எழுதினேன்.

'காரணம்: அச்சின் உட்புறம் சந்தனம். வைத்தவர்: உண்ணாமுலை, ஆராய்ச்சியாளரின் தாயார்.'

அவர் படித்தார். என்னைப் பார்த்தார். துடைப்பத்தைப் பார்த்தார். பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.

நான் இங்கே சேர்ந்த அன்று, "சென்னைக்காரங்க வருவாங்க, என்னை மகள்னு சொல்லிக்காத, ஆபீசரம்மான்னு கூப்பிடு" என்று அவளிடம் சொன்னது நான்தான். ஒரு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் வாய் தவறவில்லை.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் அவர் பாடு. மூடியில் ஓட்டை இல்லை.

"அம்மா" என்றேன், பட்டறை முழுக்கக் கேட்கும்படி. "நாளைக்கும் பொட்டு வெய்யி. அச்சுக்குள்ள வேணாம், வெளிய கைப்பிடியில வெய்யி."

"சரிங்க ஆபீ..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.