கோடாரிக் குள்ளனின் முதுகு

மத்தியான மழை ரப்பர் தோட்டத்து லய வீட்டுக் கூரையில் விடாமல் கொட்டுகிறது. வாசலில் விழும் சாம்பல் வெளிச்சத்தில் ஜூட், ஜாம் போத்தலுக்குள் கரண்டியை விட்டுக் கோடாரிக் குள்ளனை வெளியே எடுக்கிறான். துரை பங்களாவைக் காலி செய்தவர்கள் விட்டுப்போன பழைய ஈயப் பொம்மைகளில் அது ஒன்று. பூதங்களும் இறக்கை வைத்த குதிரைகளுமாக மற்றவை பிஸ்கட் பெட்டிக்குள் சண்டைக்கு நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் அவனும் அண்ணன் ரெஜினோல்டும்தான் வர்ணம் பூசினார்கள். அண்ணனைப் போன வருஷம் கொழும்பில் பொலிஸ் என்று வந்தவர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்னும் ஒரு தகவலும் இல்லை. அண்ணன் முதன்முதலாகப் பூசியது இந்தக் குள்ளனுக்குத்தான். அப்பிய பச்சை காய்வதற்குள் தொட்டுவிட்டதில், முதுகில் அண்ணனின் பெருவிரல் ரேகை பதிந்து கிடந்தது. பழைய வர்ணத்தைக் கழற்ற, ரப்பர் பாலை உறைய வைக்கும் அசிட்டில் ஜூட் அதை நேற்றே ஊறப்போட்டான். வர்ணம் கழன்றுவிட்டது. கூடவே மூக்கும் தாடியும் அரித்துப்போய், வெள்ளை பூத்த ஒரு கட்டிதான் கரண்டியில் இருக்கிறது. அண்ணி டிலானி பின்னால் வந்து நிற்பது அவனுக்குத் தெரிகிறது.

“முதுகுல அவரு விரல் இருந்துச்சே தம்பி.”

“அண்ணே வாறப்ப புதுசா இருக்கட்டும்னுதான் அண்ணி…”

 போத்தலை வாசலோரம் மழைத்தண்ணீர் ஓடும் கானில் கவிழ்க்கப் போகிறவனின் மணிக்கட்டை அவள் பிடிக்கிறாள்.

“ஊத்திறாதீங்க.”

போத்தலை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மெல்ல மெல்லச் சுழற்றி, மிதக்கும் பச்சைச் செதில்களுக்குள் ஒரு பெருவிரலைத் தேடுகிறாள்.