நகரும் ஏழாம் கார்டு

ஒத்திகை அறையின் ஒற்றை ஜன்னல் வழியே மதிய வெயில் கிட்டாரின் மேல் விழுகிறது. அதை மடியில் வைத்திருப்பவள், அண்ணனின் இசைக்குழுவில் ஒயர் சுருட்டும் தங்கை. "ப்ளூஸ் மியூசிக்கெல்லாம் உனக்கு வராது, விரல்ல தெம்பு பத்தாது" என்று எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டு அண்ணன் இப்போதுதான் வெளியே போனான். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்கவைக்கிறாள். இன்னும் இரண்டு விரல்களை ஊன்றி பல சுரங்கள் ஒன்றாய் ஒலிக்கும் ஏழாம் கார்டை அழுத்துகிறாள். கம்பிகள் கரகரவென்று இரைகின்றன. மறுபடியும் அழுத்துகிறாள், விரல்நுனிகள் வெளுக்கின்றன, ஒலி தெளிகிறது. பிடியைக் கலைக்காமல் கையை அப்படியே கிட்டாரின் கழுத்தில் நகர்த்துகிறாள். அதே கார்டு இன்னும் உயர்ந்த சுருதியில் உறுமுகிறது. வாசலில் அண்ணன் திரும்பி வந்து நிற்கிறான். "கீழ வை. கம்பி அறுந்துடும்." "அறுந்தா மாத்திக்கலாம். இத்தனை வருஷமா உனக்குக் கம்பி மாத்துனது யாருண்ணா?" மூலையில் உட்கார்ந்திருந்த குழுவின் பேஸ் கிட்டார்காரர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு தன் கிட்டாரை எடுக்கிறார். "எந்த ஸ்கேல்ல வாசிக்கணும்மா?" "நீங்களே சொல்லுங்க. எங்க வச்சாலும் இதே பிடிதான்." அண்ணன் சரி என்று சொல்லும்வரை காத்திராமல் அவள் கையை ஓங்கிக் கம்பிகளில் இறக்குகிறாள்.