ஞாயிறு மாலை ஒப்படைப்பு

அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மகன், எங்கள் வக்கீல், பேத்தி ஆகிய நால்வர். நீதிமன்ற உத்தரவுப்படி ஞாயிறு மாலை பேத்தியைத் தாயிடம் விடவேண்டும். மருமகள் வந்தாள். நானே வாசலில் ஒப்படைத்தேன். கார் தெருமுனை திரும்பியதும் கதவைத் தாழிட்டோம்.

உள்ளறை ஜன்னலோரம் பேத்தி நின்றுகொண்டிருந்தாள். அதே கவுன், அதே இரட்டைப் பின்னல்.

"தாத்தா, அம்மா யாரைக் கூட்டிட்டுப் போறாங்க?"

மகன் மருமகளுக்குப் போன் செய்தான்.

"பாப்பா பின்சீட்லதான் இருக்கா. அதுக்குள்ள புலம்ப ஆரம்பிச்சாச்சா?" என்று அவள் எரிந்து விழுந்தாள்.

"சார், இப்ப என்ன பண்றது?" என்றான் மகன்.

வக்கீல் உத்தரவை எடுத்துப் படித்துப் பார்த்தார். "உத்தரவு ஒரு குழந்தைக்குத்தான் தம்பி."

குழந்தையை நாங்கள் பிடித்து வைத்துக்கொண்டதாகச் சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். அது பொய். மருமகள் கேட்ட குழந்தையைக் கொடுத்துவிட்டோம். இங்கே இருப்பவளைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.