கயிற்றுக்கு அந்தப் பக்கம்

கயிறு ஆறு எட்டு வைக்கும் தூரத்தில் இருந்தது.

அவன் மரம் அறுக்கும் மெஷினை அணைத்துவிட்டு மறுபடி பார்த்தான். ஆறே எட்டு. அதற்கு அந்தப் பக்கம் நான்கு பெண்கள் கொப்பு இழுக்கத் தயாராக, முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றார்கள்.

அறுபதடி சில்வர் ஓக். விழும்போது எந்தக் கொப்பு ஒடிந்து யார் தலையில் தெறிக்கும் என்று மரத்துக்கே தெரியாது.

ஆட்கள் கிட்டே வராமலிருக்க, காலையில் முதல் மரத்துக்குக் குறுக்கே கட்டிய கயிறு அது. அப்போது இரண்டு மர உயரம் தள்ளித்தான் இருந்தது. மேஸ்திரி அருமைநாதன் அதைப் போனில் படம் பிடித்து ஆபீசுக்கு அனுப்பினார். பிறகு தேயிலைச் சரிவில் ஒவ்வொரு மரமாகச் சாய்த்துக்கொண்டே இறங்கினார்கள்.

கயிறு மட்டும் கட்டிய இடத்திலேயே கிடந்தது.

மரம் விழுந்ததும் பெண்கள் உள்ளே போய்க் கொப்புகளை இழுத்துப் போடுவார்கள். அடுத்த மரத்துக்கு முன்னால் மறக்காமல் கயிற்றைத் தாண்டி வந்துவிடுவார்கள். சொன்ன சொல் தட்டாத ஜனங்கள்.

அவன் மட்டும் என்னவாம். ஆறு மரத்துக்கும் திரும்பிப் பார்த்தான். கயிறு இருந்தது, ஆட்கள் அந்தப் பக்கம் இருந்தார்கள். வெட்டினான்.

நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

கயிற்றை ஒட்டி நின்ற மேஸ்திரியிடம் போய், இவ்வளவு கிட்டத்தில் ஆட்களை வைத்துக்கொண்டு வெட்ட முடியாது என்றான். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கயித்துக்கு அந்தப் பக்கந்தான நிக்கிறாங்க?"

அவன் காறித் துப்பினான்.

கயிற்றை அவிழ்த்து, பெண்களைக் கூட வரச் சொல்லி, ஐம்பது எட்டு எண்ணி இறங்கிக் கட்டினான். இத்தனை தூரம் ஏறி இறங்கினால் முட்டி என்னத்துக்கு ஆகும் என்று பொன்னுத்தாயி முனகினாள். முனகிக்கொண்டே நின்றாள். இப்படிப் போனால் வேலை முடிந்த மாதிரிதான் என்று மேலேயிருந்து மேஸ்திரி கத்தினார்.

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேலேறி வந்து மெஷினைக் கிளப்பினான். பாதிக்கு மேல் அறுத்ததும் மரம் நெரிகிற அதிர்வு கைக்கு வந்தது. திரும்பிப் பார்த்தான்.

பெண்கள் தூரத்தில் சின்னதாகத் தெரிந்தார்கள்.

மேஸ்திரி நகரவே இல்லை. கயிறு முன்பு இருந்த இடத்தில், குனிந்த தலையோடு, போனைத் தடவிக்கொண்டு நின்றார்.

கையை ஆட்டி விலகச் சொல்ல வேண்டும்.

சொன்னான். ஆனால் உடனே சொல்லவில்லை.

மேஸ்திரி துள்ளிப் பாய்ந்து விலக, அவர் நின்ற இடத்தில் மரம் விழுந்து புரண்டது. தூசி அடங்கியதும் அவர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல நேரத்துல பாத்தப்பா."

அவன் கையை உருவிக்கொண்டான். தண்ணீர்க் கேனைச் சாய்த்து, பெண்கள் திரும்ப ஏறி வரும்வரை அந்தக் கையைக் கழுவிக்கொண்டிருந்தான்.